டைப் இன்ஸ்டிடியூட்டிலிருந்து லினக்ஸ் லேப் வரை: இயங்குதளச் சான்றிதழ் தேர்வுகளின் கதை

ஈரோட்டிலிருந்து பேசறேன். இந்த வாரம் வரலாறுதான், ஆனா ராஜா, போர், கல்வெட்டு எதுவும் கிடையாது. ஒரு பரீட்சையோட வரலாறு.

பெருந்துறையிலிருந்து ஒரு தம்பி வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பியிருந்தார். "அண்ணா, பி.எஸ்சி. முடிச்சு ரெண்டு வருஷம் ஆச்சுங்க. ஆர்.எச்.சி.எஸ்.ஏ. எழுதலாம்னு இருக்கேன். அப்பா தறிக்குப் போறாருங்க. பரீட்சைக்கு ஒருதடவைதான் பணம் கட்ட முடியும். ஒருத்தர் டம்ப் தர்றேங்கறார், அதை மனப்பாடம் பண்ணிட்டுப் போனாப் போதும்ங்கறார். வாங்கலாமுங்களா?"

வாங்க வேண்டாம் தம்பி. அதுதான் பதில். ஏன் வேண்டாம், அதுக்குப் பதிலா என்ன பண்ணணும்னு சொல்ல, இந்தப் பரீட்சை எங்கிருந்து வந்ததுன்னு பார்க்கணும். இது ஏன் இந்த வடிவத்தில் இருக்குன்னு தெரிஞ்சா எப்படிப் படிக்கணும்ங்கறதும் பாதி தெரிஞ்ச மாதிரி.

முதல்ல, பழக்கமில்லாதவங்களுக்காக ஒரு வரி. ரெட் ஹாட் நிறுவனம் தன்னோட லினக்ஸ் இயங்குதளத்துக்கு நடத்தற அடிப்படைச் சான்றிதழ் தேர்வுதான் ஆர்.எச்.சி.எஸ்.ஏ. அதுக்கு மேல ஆர்.எச்.சி.இ. சர்வர் நிர்வாக வேலைக்குப் போறவங்க விண்ணப்பத்தில் இந்த எழுத்துகள் இருந்தா, கூப்பிட்டுப் பேசவாவது செய்வாங்க. சென்னை, பெங்களூர்ல தெரிஞ்சவங்க யாரும் இல்லாத வீட்டுப் பசங்களுக்கு அந்த ஒரு அழைப்பே பெரிய விஷயம்.

ஒரு சர்வரும் ஒரு மார்க் கேள்வியும்

1980-களின் கடைசியில் அலுவலக நெட்வொர்க்னா நாவல் கம்பெனியோட நெட்வேர்தான். பத்து கம்ப்யூட்டர் ஒரே ஃபைலைத் திறக்கணும், ஒரே பிரிண்டர்ல அடிக்கணும்னா அதைத்தான் போடுவாங்க. நாவல் நேரா விற்கல, டீலர்கள் மூலமா வித்தாங்க. டீலர் அனுப்பற ஆளுக்கு நெட்வேர் தெரியலைன்னா வாடிக்கையாளர் திட்டறது நாவலைத்தான். அதனால 1989-ல சி.என்.இ. என்கிற சான்றிதழைக் கொண்டு வந்தாங்க. இந்த ஆள் எங்க சரக்கைத் தொடலாம்னு கம்பெனியே முத்திரை குத்தற ஏற்பாடு.

பரீட்சை நடத்த இடம் வேணுமே? 1990-ல டிரேக் புரோமெட்ரிக் தொடங்கினாங்க. நகரத்துக்கு நகரம் தேர்வு மையம், கம்ப்யூட்டர்லயே கேள்வி, எழுந்து வர்றதுக்குள்ள முடிவு. வங்கி, விமானம், மருத்துவம்னு இப்ப எத்தனையோ தேர்வு இப்படி நடக்குது. அந்த ஏற்பாடு இந்த அளவு பரவினதுல இயங்குதளச் சான்றிதழுக்குப் பெரிய பங்கு உண்டு. நாவல் தேர்வுல இன்னொரு தந்திரமும் இருந்தது. நீங்க சரியாச் சொன்னா அடுத்த கேள்வி கஷ்டமா வரும், தப்பாச் சொன்னா சுலபமா வரும். கொஞ்சம் கேள்வியிலேயே ஆளை எடை போட்டுரும்.

கேள்விகள் மட்டும் கொள்குறி வகை. நாலு விடை, ஒண்ணைத் தொடணும். மெஷின் திருத்தறதுக்கு அது சௌகரியம். அந்தச் சௌகரியத்துலதான் சிக்கலும் ஆரம்பிச்சது.

மைக்ரோசாஃப்ட் 1992-ல தன் சான்றிதழ்களைத் தொடங்கினாங்க. விண்டோஸ் என்.டி. 4.0 வந்த 1996-க்கு அப்புறம் எம்.சி.எஸ்.இ. மோகம் உலகம் பூரா பிடிச்சது. ஆறு தேர்வு எழுதணும், நாலு கட்டாயம், ரெண்டு விருப்பம். நான் அப்போ இங்க கல்லூரில படிச்சுட்டிருந்தேன். மேட்டூர் ரோடு, பெருந்துறை ரோடுன்னு எங்க திரும்பினாலும் கம்ப்யூட்டர் சென்டர் போர்டுதான். ஒய்-டூ-கே பேச்சு, அமெரிக்கா பேச்சு. மஞ்சள் மண்டி வச்சிருந்தவங்க வீட்டுப் பையன்கூட தலையணை மாதிரி புத்தகத்தைத் தூக்கிட்டுத் திரிஞ்சான்.

அப்பதான் 'பேப்பர் எம்.சி.எஸ்.இ.'ன்னு ஒரு வசைச்சொல் கிளம்பிச்சு. சான்றிதழ் இருக்கும், சர்வர் முன்னாடி உட்கார வச்சா கை நடுங்கும். காரணம் எளிமையானது. நாலு விடைல ஒண்ணைத் தேர்ந்தெடுக்கற கேள்வியை ஒருத்தர் ஞாபகம் வச்சு வெளில சொல்லிட்டா, அடுத்தவர் விஷயமே தெரியாம விடை சொல்லிரலாம். அந்தக் கேள்வித் தொகுப்புக்குத்தான் 'பிரெயின் டம்ப்'னு பேர். மூளைல இருந்ததைக் கொட்டறது. முதல்ல இலவசமாக் கொட்டினாங்க, பிறகு விலைக்குக் கொட்டினாங்க. 2002-ல அமெரிக்காவுல, மைக்ரோசாஃப்ட் தேர்வுக் கேள்விகளை இணையத்துல வித்த ஒருத்தர் வணிக ரகசியத் திருட்டுன்னு நீதிமன்றத்துல குற்றத்தை ஒப்புக்கிட்டு சிறைக்கும் போனார். டம்ப்பை ஏதோ சீனியர் அண்ணன் கொடுக்கிற நோட்ஸ் மாதிரி நினைக்கிறவங்க இதைத் தெரிஞ்சு வச்சுக்கணும்.

விண்டோஸ் 2000 வந்தப்ப பழைய எம்.சி.எஸ்.இ.க்காரங்களுக்கு ஒரு சலுகை கொடுத்தாங்க. 70-240-னு ஒரே தேர்வு, நாலு தேர்வுக்குச் சமம், இலவசம். ஆனா ஒரே ஒரு வாய்ப்பு, 2001 முடியறதுக்குள்ள எழுதிரணும். மனப்பாடத்துல ஏறினவங்களுக்கு அது பெரிய மேடு. மேலே ஏறினவங்க எண்ணிக்கையைவிட அந்த மேட்டைப் பத்தின புலம்பல்தான் எனக்கு அதிகமாக் காதுல விழுந்தது.

கடைசில 2021 ஜனவரியோட எம்.சி.எஸ்.இ.ங்கற பேரே முடிஞ்சுபோச்சு. மைக்ரோசாஃப்ட் இப்ப வேலைப் பொறுப்பு வாரியாத் தேர்வு வைக்கிறாங்க. 2023-லிருந்து அந்தத் தேர்வுகள் பலதுல, எழுதிட்டிருக்கும்போதே அவங்க ஆவணத் தளத்தைத் திறந்து பார்த்துக்கலாம்னு அனுமதியும் கொடுத்துட்டாங்க. யோசிச்சுப் பாருங்க, மனப்பாடத்தைச் சோதிச்சவங்களே புத்தகத்தைத் திறந்து வச்சுக்கோன்னு சொல்ற இடத்துக்கு வந்திருக்காங்க.

ஏ எஸ் டி எஃப் ஜி எஃப்

இப்ப கொஞ்சம் வண்டியைத் திருப்பறேன். இது சம்பந்தமில்லாத மாதிரி தெரியும், பொறுத்துக்குங்க.

நம்ம ஊர்ல கைவேலையைச் சோதிக்கற தேர்வு ஒண்ணு பல தலைமுறையா இருக்கு. டைப்ரைட்டிங். தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தற லோயர், ஹையர். பத்தாவது லீவுல சைக்கிளை மிதிச்சுட்டு டைப் இன்ஸ்டிடியூட் போகாதவங்க கொங்கு நாட்டுல கம்மி. மாடிப்படி ஏறும்போதே கடகடன்னு சத்தம் கேட்கும். முதல் பாடம் எல்லாருக்கும் ஒண்ணேதான்: ஏ எஸ் டி எஃப் ஜி எஃப், செமிகோலன் எல் கே ஜே ஹெச் ஜே. ஒரு பக்கம் பூரா அதையே அடிக்கணும். மாஸ்டர் பார்த்துட்டு, "சுண்டு விரல் அழுந்தல, இன்னொரு பக்கம் அடி"ம்பார்.

ஆங்கில லோயர்னா நிமிஷத்துக்கு 30 வார்த்தை, ஹையர்னா 45. வேகத் தேர்வு பத்து நிமிஷம். பெல் அடிச்சா ஆரம்பிக்கணும், பெல் அடிச்சா நிறுத்தணும். தப்புக்கு மார்க் கழியும். இன்னொரு தாள்ல கடிதம், ஸ்டேட்மென்ட்னு வடிவமைப்பு. பரீட்சை நாள்ல இன்ஸ்டிடியூட்காரங்க மெஷின்களை வேன்ல ஏத்தித் தேர்வு மையத்துக்குக் கொண்டு போவாங்க. பழகின மெஷின்லயே எழுதணும்னு பிள்ளைங்க பேரைச் சீட்டுல எழுதி ஒட்டி வைப்பாங்க.

இந்தத் தேர்வுக்கு டம்ப் விற்க முடியுமா? கேள்வித்தாள் முன்கூட்டியே கிடைச்சாலும் விரல் ஓடலைன்னா ஒண்ணும் ஆகாது. "எஃப் எந்த விரல்?"னு கொள்குறிக் கேள்வி கேட்டு யாருக்கும் ஹையர் சான்றிதழ் கொடுக்கல. அரசுத் தட்டச்சர் வேலைக்கு இந்தச் சான்றிதழ் இன்னும் மதிக்கப்படுதுன்னா காரணம் இதுதான்.

தட்டச்சு மாஸ்டர்கள் கண்டுபிடிச்ச பாடமுறையும் கவனிக்கத்தக்கது. புரியவைக்கறதுன்னு ஒண்ணு அங்க பெருசா கிடையாது. சின்ன வேலை, தினமும், கடிகாரம் வச்சு, தப்பைச் சிவப்பு மையில சுழிச்சு, திரும்ப. மூணு மாசம் கழிச்சு பார்த்தா விசைப்பலகையைப் பார்க்காம அடிக்கிறோம். இதை மனசுல வச்சுக்குங்க, திரும்ப வருவேன்.

1999: சர்வரே கேள்வித்தாள்

ரெட் ஹாட் 1999-ல ஆர்.எச்.சி.இ. தேர்வைக் கொண்டு வந்தப்ப எதிர்த் திசையில போனாங்க. முழு நாள் தேர்வு. கொஞ்சம் கொள்குறிக் கேள்வி இருந்தது, மீதி எல்லாம் மெஷின்ல. ஒரு பகுதியில சர்வரை நிறுவி அமைக்கணும். இன்னொரு பகுதியில, வேணும்னே கெடுத்து வச்ச மெஷினைக் கொடுப்பாங்க, சரி பண்ணித் தரணும். பின்னால அந்தக் கொள்குறிப் பகுதியையும் தூக்கிட்டாங்க. நெட்வொர்க் உலகத்துல சிஸ்கோவோட சி.சி.ஐ.இ. 1993-லேயே லேப் தேர்வா ஆரம்பிச்சிருந்தது, அதனால இது உலகத்துலயே முதல்னு சொல்ல மாட்டேன். ஆனா இயங்குதளப் பக்கத்துல இதுதான் வழக்கத்தை மாத்தின தேர்வு.

அதே 1999-ல கனடாவுல எல்.பி.ஐ. என்கிற அமைப்பும் தொடங்கியது. எந்தக் கம்பெனியையும் சாராத லினக்ஸ் சான்றிதழ் அவங்களுடையது. அது பெரும்பாலும் கொள்குறி வகைதான், ஆனா நடுநடுவே காலி இடத்துல கட்டளையை எழுத்துப் பிசகாம தட்டச்சு செய்யணும். முதல் நிலைக்கு ரெண்டு தாள், ஒவ்வொண்ணும் 60 கேள்வி, 90 நிமிஷம். உபுண்டு, டெபியன் பக்கம் வேலை பார்க்கறவங்களுக்கு இது பொருந்தும். 2014-ல லினக்ஸ் ஃபவுண்டேஷனும் எல்.எஃப்.சி.எஸ்.னு செய்முறைத் தேர்வைத் தொடங்கினாங்க, அது முதல்லிருந்தே வீட்டிலிருந்து எழுதற மாதிரி.

ரெட் ஹாட் 2010-ல, ஆறாம் பதிப்போட, அடிப்படைத் தேர்வைத் தனியாப் பிரிச்சு ஆர்.எச்.சி.எஸ்.ஏ.ன்னு பேர் வச்சாங்க. மொத்தம் 300 மார்க், 210 எடுத்தாத் தேர்ச்சி. இணையம் கிடையாது. ஆனா இயங்குதளத்துக்குள்ளேயே இருக்கற மேன் பேஜ், உதவிக் குறிப்பு எல்லாம் பார்த்துக்கலாம். கேள்விகளை வெளியே சொல்ல மாட்டேன்னு உறுதிமொழி கொடுத்துட்டுத்தான் உட்காரணும். மீறினது தெரிஞ்சா சான்றிதழைப் பறிக்கலாம்.

இதுல ஒரு விதி இருக்கு, என்னைக் கேட்டா அந்த ஒரு விதிதான் மொத்தத் தேர்வும். நீங்க செஞ்ச எல்லாம் மெஷினை ரீபூட் பண்ணின பிறகும் நிக்கணும். யாரும் கை வைக்காமத் தானா எழுந்து வரணும். மதிப்பீடு அதுக்கப்புறம்தான்.

கரண்ட் போன ஊர்ல ரீபூட் பாடம்

நம்ம மாநிலத்துக்கு வருவோம். 2005-ல மத்திய அரசு ஆதரவோட கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையம் சென்னையில தொடங்குச்சு. சி-டாக் ஒரு பக்கம், அண்ணா பல்கலைக்கழகத்தோட ஏ.யு-கே.பி.சி. ஆய்வு மையம் இன்னொரு பக்கம். அதன் வழியா அண்ணா பல்கலைக்கழகப் பொறியியல் பாடத்திட்டத்துல கட்டற்ற மென்பொருள் விருப்பப் பாடமா வந்தது. 2007-ல சி-டாக் 'பாஸ்' என்கிற லினக்ஸை வெளியிட்டாங்க, பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ். அதே காலத்துல எல்காட் நிர்வாக இயக்குநரா இருந்த சி. உமாசங்கர் ஐ.ஏ.எஸ்., அரசு கம்ப்யூட்டர்களை சூசே லினக்ஸுக்கும் ஓப்பன் ஆபீஸுக்கும் மாத்தற வேலையை முன்னெடுத்தார்.

பிறகு வந்ததுதான் பெரிய சம்பவம். 2011 செப்டம்பர் 15-ல விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்குச்சு. அந்த லேப்டாப்பைத் திறந்தா ரெண்டு இயங்குதளம் இருந்தது. ஒண்ணு விண்டோஸ், இன்னொண்ணு பாஸ் லினக்ஸ். ஒரு மாநில அரசு லட்சக்கணக்கான பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைங்க கையில லினக்ஸைக் கொடுத்திருக்கு, நினைச்சுப் பாருங்க. உலகத்துல எத்தனை இடத்துல இது நடந்திருக்கும்?

என்ன ஆச்சு? பெரும்பாலான பிள்ளைங்க பாஸ் பக்கம் போகவே இல்லை. தெருமுனைக் கடையில கொடுத்து, 'படம் வைக்க இடம் வேணும்'னு அந்தப் பார்ட்டிஷனையே அழிச்சுட்டாங்க. நான் குறை சொல்றது பிள்ளைங்களை இல்லை. கருவியைக் கொடுத்தாங்க, டைப் மாஸ்டரைக் கொடுக்கல. பக்கத்துல உட்கார்ந்து "இன்னொரு பக்கம் அடி"ன்னு சொல்ல ஆள் இல்லை. நாப்பது வருஷமா தெருவுக்குத் தெரு தட்டச்சு சொல்லிக்கொடுத்த ஊர்ல இது நடந்ததுதான் எனக்கு ஆதங்கம்.

அந்தச் சமயம் இன்னொண்ணும் நடந்துட்டிருந்தது. மின்வெட்டு. 2012 தொடக்கத்துல சென்னைக்கு ரெண்டு மணி நேரம், மத்த மாவட்டத்துக்கு நாலு மணி நேரம்னு அறிவிப்பு. ஈரோடு, திருப்பூர், கோவைல இருந்தவங்களுக்குத் தெரியும், அறிவிப்புல இருந்த நாலு மணியோட அது நிக்கல. தறி நிக்கும், மோட்டார் நிக்கும், பிள்ளைங்க மெழுகுவர்த்தில படிக்கும்.

அந்த வருஷங்கள்ல நான் சாயங்காலம் ஒரு மாடி அறையில லினக்ஸ் சொல்லிக்கொடுத்துட்டிருந்தேன். பழைய டெஸ்க்டாப் ஆறு, யு.பி.எஸ். ரெண்டுக்குத்தான். ஒரு பையன், வீரப்பன்சத்திரம் பக்கத்துல விசைத்தறி ஓட்டற வீடு. ஃபயர்வால் விதி போடுவான், வேலை செய்யும், சிரிப்பான். கரண்ட் போகும். திரும்ப வந்தப்ப விதி காணாமப் போயிருக்கும். சர்வீஸை ஓடவிடுவான், கரண்ட் போகும், வந்து பார்த்தா சர்வீஸ் படுத்திருக்கும். ஒரு மாசத்துல அவனுக்கு ஒரு பழக்கம் வந்துருச்சு. எதைச் செஞ்சாலும், "சார், இது கரண்ட் போனா நிக்குங்களா?"ன்னு கேட்பான். ரெட் ஹாட் பரீட்சைக்கு நான் இதைவிட நல்ல தயாரிப்பைப் பார்த்ததில்லை. ஏற்காடு எக்ஸ்பிரஸ்ல ராத்திரி ஏறி சென்னை போய் எழுதினான், தேறினான். இப்ப வேற நாட்டுல இருக்கான், பேர் சொன்னா அவனுக்குப் பிடிக்காது.

அதே 2012-ல 'கணியம்' மின்னிதழ் வர ஆரம்பிச்சது. கட்டற்ற மென்பொருளைத் தமிழ்ல சொல்ற இதழ். து. நித்யாவோட 'எளிய தமிழில் கனு/லினக்ஸ்' மின்னூலா வந்தது. தேர்வு ஆங்கிலத்துலதான், அதுல மாற்றமில்லை. ஆனா 'பர்மிஷன்'னா என்ன, 'பிராசஸ்'னா என்னன்னு முதல்ல தமிழ்ல புரிஞ்சுட்டு ஆங்கிலத்துக்குப் போன பிள்ளைங்க தடுமாறறது கம்மின்னு என் வகுப்புல பார்த்திருக்கேன். தமிழ்வழில படிச்ச தம்பிகள் இதுல வெட்கப்பட ஒண்ணுமில்லை.

சரி, எப்படிப் படிக்கறது?

பெருந்துறைத் தம்பி, இப்ப உங்க கேள்விக்கு வர்றேன்.

டம்ப் ஏன் வேண்டாம்னா, நேர்மை ஒரு காரணம், தண்டனை இன்னொரு காரணம், ஆனா முதல் காரணம் அது பயன்படாது. செய்முறைத் தேர்வுல பேர், எண், அளவு ஒண்ணு மாறினாலும் மனப்பாடம் உங்களை எங்கயோ கொண்டு போய் விட்டுரும். பாதியில ஒரு பிழைச்செய்தி வரும், அதை எப்படிப் படிக்கறதுன்னு டம்ப்ல இருக்காது. அந்தக் காசை ரேம் வாங்கப் போடுங்க.

முதல் வேலையா ரெட் ஹாட் தளத்துல தேர்வுக் குறிக்கோள் பட்டியல் இருக்கும், அதைத் தாள்ல எழுதிச் சுவத்துல ஒட்டுங்க. அதுதான் சிலபஸ், அதுக்கு வெளியே கேட்கமாட்டாங்க. எந்தப் பதிப்புக்கான தேர்வுன்னும் பாருங்க. பத்தாம் பதிப்பு 2025-ல வந்துருச்சு, பழைய வீடியோ பார்த்துட்டுப் புதுத் தேர்வுக்குப் போயிரக் கூடாது.

பயிற்சிக்கு மெஷின். ஒருகாலத்துல எல்லாரும் சென்ட்ஓஎஸ் போட்டுப் பழகினாங்க, அச்சு அசல் ரெட் ஹாட் மாதிரி, காசில்லாம. 2020 டிசம்பர்ல அந்த வடிவத்தை நிறுத்தப்போறோம்னு அறிவிச்சாங்க, 2021 முடிவோட எட்டாம் பதிப்பு நின்னுபோச்சு. அந்தக் கோபத்துல பிறந்தவைதான் ராக்கி லினக்ஸும் அல்மா லினக்ஸும். ரெண்டுல எது போட்டாலும் சரி. ரெட் ஹாட்டே 2021-லிருந்து தனிநபர் டெவலப்பர் கணக்குல 16 மெஷின் வரைக்கும் இலவசமாக் கொடுக்கறாங்க, அசலையே போட்டுக்கலாம். உங்க லேப்டாப்ல விர்ச்சுவல் மெஷின் ரெண்டு போடுங்க. அழியாத ஒரு நல்ல நிலையை ஸ்னாப்ஷாட் எடுத்து வச்சுட்டு, தைரியமாக் கெடுங்க.

அப்புறம் டைப் மாஸ்டர் முறை. தினமும் ஒரு மணி நேரம், ஞாயித்துக்கிழமை மொத்தமா ஏழு மணி நேரம் இல்லை. ஒரு வேலையை எடுங்க. எல்.வி.எம். போட்டு வட்டுல இடம் பிரிக்கறதுன்னு வைங்க. முதல் நாள் பார்த்துப் பார்த்து செய்யுங்க. ரெண்டாம் நாள் மேன் பேஜ் மட்டும். மூணாம் நாள் கடிகாரம். எங்க தப்புச்சுன்னு நோட்டுல சிவப்பு மையில எழுதுங்க, விடையை எழுதாதீங்க, தப்பை மட்டும் எழுதுங்க. பரீட்சைக்கு முந்தின நாள் அந்த நோட்டு மட்டும் போதும்.

மேன் பேஜ் விஷயத்துல ஒண்ணு. பலர் அதைப் படிக்கப் பார்த்து மிரண்டு போறாங்க. அது படிக்கறதுக்கு இல்லை, தேடறதுக்கு. கடைசிப் பக்கத்துல 'எக்ஸாம்பிள்ஸ்'னு இருக்கும், நேரா அங்க குதிங்க. நெட்வொர்க், ஃபயர்வால் கட்டளைகளோட மேன் பேஜ்ல நீளமான உதாரணங்கள் இருக்கு. கூகுளை மூடிட்டு ஒரு மாசம் பழகுங்க, பரீட்சை அறையில அது கிடைக்காது.

அடுத்து அந்தப் பையனோட கேள்வி: கரண்ட் போனா நிக்குமா? ஒரு சர்வீஸுக்கு 'ஸ்டார்ட்' போட்டா இப்ப ஓடும், 'எனேபிள்' போட்டாத்தான் நாளைக்கும் ஓடும். ஃபயர்வால்ல 'பெர்மனென்ட்' சேர்க்கலைன்னா அது தண்ணில எழுதின எழுத்து. எஸ்.இ.லினக்ஸை 'செட்என்ஃபோர்ஸ்'ல மாத்தினா அடுத்த பூட் வரைக்கும்தான். எல்லாத்தையும் விட ஆபத்தானது எஃப்எஸ்-டேப் ஃபைல். அதுல ஒரு எழுத்துப் பிழை போதும், மெஷின் அவசர நிலையில போய் நின்னுக்கும், மத்த வேலை எல்லாம் சரியா இருந்தும் மதிப்பீடு பண்ண முடியாமப் போகும். அதனால அந்த ஃபைலைத் தொட்டவுடனே 'மவுண்ட் ஹைஃபன் ஏ' போட்டுப் பாருங்க. அது பேசாம இருந்தா நல்லது. பிறகு ரீபூட். வீட்டுப் பயிற்சியில ஒவ்வொரு வேலைக்கும் ரீபூட் பண்ணுங்க, சோம்பல் வேண்டாம். பரீட்சையில கடைசி 15 நிமிஷத்தை ரீபூட்டுக்கும் சரிபார்க்கவும் ஒதுக்குங்க, அந்த நேரத்துல புதுக் கேள்விக்குப் போகாதீங்க.

மறந்துபோன ரூட் பாஸ்வேர்டை மாத்தறதையும் தூக்கத்துல எழுப்பினாலும் செய்யணும். பூட் ஆகும்போது நிறுத்தி, உள்ளே நுழைஞ்சு, மாத்தி, கடைசில எஸ்.இ.லினக்ஸ் மறு-லேபிள் போட மறக்காம இருக்கறது. அதை விட்டுட்டா பாஸ்வேர்டு சரியா இருந்தும் உள்ளே விடாது, பயந்து போயிருவீங்க.

2020-லிருந்து வீட்டுல உட்கார்ந்தே எழுதலாம். ரெட் ஹாட் கொடுக்கற இமேஜை யு.எஸ்.பி.ல போட்டு உங்க கம்ப்யூட்டரை அதுல பூட் பண்ணணும், கேமராவுல கண்காணிப்பாங்க. மேஜைல ஒண்ணும் இருக்கக்கூடாது, அறைல யாரும் வரக்கூடாது. ஓடற தறிக்குப் பக்கத்து அறைல இது கஷ்டம், நேராச் சொல்றேன். இன்வெர்ட்டர் இருக்கற ஒரு சித்தப்பா வீடோ நண்பர் வீடோ பாருங்க. அவங்க கொடுக்கற பொருத்தப் பரிசோதனையை ஒரு வாரம் முன்னாடியே, அதே கம்ப்யூட்டர், அதே இணைய இணைப்புல ஓட்டிப் பாருங்க. இல்லைன்னா மையத்துக்குப் போய் எழுதறது நிம்மதி.

எப்ப பணம் கட்டறது? உங்களுக்கு ஒரே வாய்ப்புன்னு சொன்னீங்க. ஒரு நண்பரை விட்டு, குறிக்கோள் பட்டியலை வச்சு இருபது வேலை எழுதச் சொல்லுங்க. புது மெஷின், மூணு மணி நேரம், இணையம் இல்லாம. முடிச்சு ரீபூட் பண்ணிட்டு நண்பரே சரிபார்க்கணும், நீங்க தொடக்கூடாது. மூணு தடவை, மூணு வெவ்வேறு பட்டியல்ல, 20-க்கு 17 நின்னுதுன்னா அன்னைக்குக் கட்டுங்க. அதுவரைக்கும் பணம் அப்பாகிட்டயே இருக்கட்டும்.

சான்றிதழ் மூணு வருஷத்துக்குத்தான், அதையும் கணக்குல வச்சுக்குங்க. படிச்சு முடிச்சுட்டு வேலை தேட ஆரம்பிக்கலாம்னு ஒரு வருஷம் ஓட்டிராதீங்க.

அந்த மாதிரித் தேர்வுக்கு வேலை எழுதித்தர நண்பர் யாரும் இல்லைன்னா எனக்கு எழுதுங்க தம்பி, முதல் பட்டியலை நான் தர்றேன். அடுத்த வாரம் ஈரோடு ரயில் ஜங்ஷன் கதையோட வர்றேன்.